பார்க்கர் 51 வேக்குமேட்டிக் மை இழுக்கவில்லை: டயாஃப்ரம் வீட்டிலேயே மாற்றலாமா?

மைக்கூடு:

வணக்கம். பேனா பார்க்கர் 51, பின்பக்கம் அமுக்கி மை இழுக்கிற வேக்குமேட்டிக் வகை. பின்பக்கத்துச் சின்ன மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே பிளாஸ்டிக் பிளஞ்சர் தெரிகிறது. அமுக்கினால் போகிறது, ஆனால் பாதி தூரம்தான் திரும்பி வருகிறது. நிப்பைத் தண்ணீரில் வைத்து அமுக்கினால் முதல் தடவை ஒரு நீர்க்குமிழி, அதன்பின் ஒன்றுமில்லை. பேனாவை ஆட்டினால் பேரலுக்குள், அதாவது உடற்பகுதிக்குள், ஏதோ துகள் உருளும் சத்தம் கேட்கிறது. பேரலில் எழுத்து தேய்ந்திருக்கிறது, கடைசியில் 4 என்ற எண் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. நிப், மூடி, கிளிப் எல்லாம் நன்றாக இருக்கின்றன.

உள்ளே இருக்கிற ரப்பர் பை, அதாவது டயாஃப்ரம், போய்விட்டது என்று நினைக்கிறேன். எந்த அளவு டயாஃப்ரம் வாங்க வேண்டும்? நிப்பை மூடியிருக்கிற முன்பக்கத்து ஹூட்டைக் கழற்றியே ஆக வேண்டுமா? ஃபில்லரை (பிளஞ்சர் இருக்கிற பின்பகுதி) துணி சுற்றிக் குறட்டால் பிடித்துத் திருகினால் ஆபத்தா?

அரக்குத்துளி:

நீங்கள் சொல்கிற அறிகுறிகள் எல்லாம் டயாஃப்ரத்தைத்தான் காட்டுகின்றன. ஆட்டினால் கேட்கிற சத்தம் காய்ந்து உதிர்ந்த ரப்பர். அதை வைத்துக்கொண்டு இனிமேல் அமுக்கிப் பார்க்காதீர்கள். துகள் ஃபீடுக்குள் (நிப்புக்கு மை கொண்டுபோகும் பகுதி) போனால் இன்னொரு வேலை சேரும்.

51 வெளிவந்தது 1941. 1948-இல் வேறு ஃபில்லருக்கு மாறும் வரை அதில் இருந்தது இந்த வேக்குமேட்டிக் ஃபில்லர்தான். பேரலில் உள்ள எண் ஆண்டின் கடைசி இலக்கம், ஆகவே உங்கள் 4 என்பது 1944. அதற்குள் அலுமினிய ஃபில்லர் போய் பிளாஸ்டிக் வந்துவிட்டது. போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டில் வந்த மாற்றம், ஆனால் போர் முடிந்தும் அதையே தொடர்ந்தார்கள். உங்களுக்கு இதில் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு: அலுமினியம் மாதிரி அரித்துப் பேரலோடு பிடித்துக்கொள்ளாது, ஆனால் மரையை நசுக்கினால் உடைந்துவிடும். குறடு வேண்டவே வேண்டாம்.

அளவு: விற்பவரிடம் "51-க்கான டயாஃப்ரம்" என்றே கேளுங்கள். பொதுவாக "வேக்குமேட்டிக் டயாஃப்ரம்" என்று கேட்டால் வேக்குமேட்டிக் என்ற பெயரிலேயே வந்த பழைய பேனாக்களான மேஜருக்கோ மேக்ஸிமாவுக்கோ உள்ள பெரிய அளவு வந்துவிடும். புது டயாஃப்ரத்தின் மூடிய முனையில் ஒரு சின்ன முலை, அதற்குள் ஒரு குண்டு இருக்கும். குண்டு இல்லாத வெறும் ரப்பர் பை அனுப்பினால் திருப்பிக் கொடுங்கள். லேடெக்ஸ் நாள்பட்டால் கையிலேயே கெட்டுப்போகும், அதனால் மலிவாகக் கிடைக்கிறது என்று பத்து வாங்கிப் பெட்டியில் போட்டுவைக்க வேண்டாம்.

ஹூட் விஷயம்: கழற்றாமலும் மாற்றலாம், சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் கழற்றச் சொல்வேன். காரணம் மூச்சுக்குழாய். பேரலுக்குள் நீளமாக ஒரு மெல்லிய குழாய் ஃபீடிலிருந்து பின்பக்கம் வரை போகும். பேனாவை நிப் கீழே இருக்கும்படி மையில் வைத்து அமுக்கும்போது டயாஃப்ரம் முன்னால் நீண்டு, பேரலின் மேல்பகுதியில் இருக்கிற காற்றை அந்தக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. விட்டதும் ஸ்பிரிங் டயாஃப்ரத்தைப் பின்னால் இழுக்க, அதே குழாய் வழியாக மை ஏறி, மேலே கொட்டிக் கீழே தங்குகிறது. அடுத்த அமுக்கலில் மறுபடி மேலே உள்ள காற்றுதான் வெளியேறும், தங்கிய மை வெளியேறாது. இப்படித்தான் சிறிது சிறிதாக நிறைகிறது. குழாய் பாதியில் உடைந்திருந்தால் மை அந்த உடைப்பு மட்டம் வரைதான் ஏறும். அதற்குமேல் எத்தனை தடவை அமுக்கினாலும் உள்ளே வந்தது வெளியே போய்க்கொண்டே இருக்கும். புது டயாஃப்ரம் போட்டும் அரை வயிறுதான் நிறைகிறது என்று புலம்புகிறவர்கள் பலரும் இந்தக் குழாயைப் பார்க்காதவர்கள்.

நீலக்கறை:

அவ்வளவு பயப்பட வேண்டாம் நண்பரே. பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி மரை மேல் சுற்றி, சின்னக் குறட்டால் லேசாகப் பிடித்துத் திருகினால் வந்துவிடும். இதற்கென்று தனி ரெஞ்ச் வாங்க வேண்டுமா என்ன? ஒரு பேனாவுக்காக அவ்வளவு காசு கொடுப்பது வீண்.

அரக்குத்துளி:

நீலக்கறை, அலுமினிய ஃபில்லருக்கு அது ஒருவேளை ஓடும். பிளாஸ்டிக்குக்குச் சொல்லாதீர்கள். குறட்டின் இரண்டு தாடைகளும் இரண்டு இடத்தில் மட்டும் அழுத்தும். மரை வட்டம் முட்டை வடிவமாகும். உள்ளே ஓடுகிற பிளஞ்சர் உரசிச் சிக்கும், இல்லாவிட்டால் விரிசல் விழும். விரிசல் விழுந்த ஃபில்லருக்கு மாற்று இன்னொரு பேனாவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ரெஞ்ச் வாங்க மனமில்லை என்றால் ஒரு வழி. தேக்கு மாதிரி இறுகிய மரத்துண்டில் ஃபில்லர் மரையின் விட்டத்துக்கு ஏற்ப ஓட்டை போடுங்கள். ஓட்டையின் நடுவே ரம்பத்தால் ஒரு பக்கம் முழுக்கப் பிளந்துவிடுங்கள். வாய் திறந்த மோதிரம் போல ஆகும். மரையை உள்ளே விட்டு மரத்துண்டைக் கையால் இறுக்கினால் சுற்றிலும் சீராகப் பிடிக்கும். சைக்கிள் டியூப் ரப்பரை இதற்குள் ஒரே ஒரு சுற்று கொடுத்தால் வழுக்காது. நழுவினால் இன்னும் பலமாக இறுக்கத் தோன்றும், அப்போது இறுக்காதீர்கள். பேரல் இன்னும் போதிய அளவு சூடாகவில்லை என்று அர்த்தம்.

தாமிரநிப்:

மாற்றும் முறையை வரிசையாக எழுதுகிறேன், இந்த இழையில் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

தேவைப்படுபவை: 51-க்கான டயாஃப்ரம், வேக் ரெஞ்ச் (ஃபில்லர் மரையைப் பிடித்துத் திருகும் கருவி) அல்லது மேலே அரக்குத்துளி சொன்ன மரப்பிடி, ஹேர் டிரையர், வாசனை இல்லாத டால்க், பல் மருத்துவர் பயன்படுத்துவது மாதிரி வளைந்த கூர்முனைக் கம்பி, நுனி உருண்ட மெல்லிய குச்சி (தீர்ந்துபோன ரீஃபில் போதும், பித்தளை முனையை எடுத்துவிட்டு வெட்டுமுனையை உரசி மழுக்குங்கள்), கூர்மையான கத்தரி, கொஞ்சம் ஷெல்லாக் (அரக்குப் பசை).

முதலில் ஊறல். நிப் பக்கத்தை அறைச் சூட்டுத் தண்ணீரில் ஒரு ராத்திரி விடுங்கள், மறுநாள் பின்பக்கத்தையும் அப்படியே. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுக்குமேல் வேண்டாம். ஸ்பிரிட், சானிடைசர், ஐசோப்ரோபைல் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. 51-இன் உடல் லூசைட், அதாவது அக்ரிலிக். ஆல்கஹால் பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடும், திரும்பச் சரியாகாது.

ஹூட்: பழைய ஷெல்லாக்கை இளக்கினால்தான் திரும்பும். ஹேர் டிரையரை விரல் நீளம் தள்ளிப் பிடித்து, பேனாவைச் சுழற்றிக்கொண்டே ஹூட்டுக்கும் பேரலுக்கும் நடுவில் இருக்கிற கிளட்ச் வளையத்துக்கு முன்னால் உள்ள பகுதியைச் சூடாக்குங்கள். கையால் பிடிக்க முடிந்து, ஆனால் நீண்ட நேரம் பிடிக்க முடியாத சூடு போதும். மெழுகுவத்தி, லைட்டர், கேஸ் அடுப்பு கிட்டே கொண்டுபோகக் கூடாது. இதே முறையை 51 அல்லாத, வளையம் வளையமான பழைய வேக்குமேட்டிக்கில் செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது செல்லுலாய்ட், வளைந்துபோகும், நெருப்புப் பட்டால் பற்றி எரியும்.

ரப்பர் துண்டால் ஹூட்டைப் பிடித்து, நிப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இடப்புறமாகத் திருகுங்கள். வரவில்லையென்றால் மறுபடி சூடு, மறுபடி முயற்சி. பலம் கொடுக்க வேண்டாம். ஹூட் வந்ததும் கிளட்ச் வளையம் கழன்று விழும். எந்தப் பக்கம் எதை நோக்கி இருந்தது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிப், ஃபீடு, மிகுதி மையைத் தாங்க தகடு தகடாக இருக்கிற கலெக்டர், மூச்சுக்குழாய் எல்லாம் ஒன்றாக நேராக வெளியே இழுக்க வரும். முறுக்காதீர்கள், குழாய் அங்கேதான் ஒடியும்.

அடுத்து ஃபில்லர். பேரலின் பின்முனையை அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, பிடியைப் போட்டு இடப்புறமாகத் திருகுங்கள். வெளியே வந்ததும் பிளஞ்சர் முனையைப் பாருங்கள். அங்கே ஒரு சின்னக் குழி, அதன் வாய் உட்புறத்தைவிடக் கொஞ்சம் குறுகல். பழைய டயாஃப்ரத்தின் குண்டு அதில்தான் உட்கார்ந்திருக்கும். முழு வேலையிலும் கை நிதானமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். கூர்கம்பியால் குண்டைச் சுற்றியிருக்கிற காய்ந்த ரப்பரை முதலில் கிளறி எடுங்கள். ரப்பர் போனால் குண்டு ஆட ஆரம்பிக்கும், தானே விழும். நெம்பி எடுக்கப் பார்த்தால் குழியின் வாய் விரியும். விரிந்த குழியில் புது குண்டு நிற்காது, இரண்டு தடவை மை நிரப்பியதும் கழன்றுவிடும். ரப்பர் கல்லாகிவிட்டிருந்தால் மெல்லிய டிரில் பிட்டைக் கையில் பிடித்து விரலால் சுழற்றி நடுவில் துளையுங்கள், மெஷினில் மாட்ட வேண்டாம்.

பேரலின் உள்ளே, ஃபில்லர் மரை முடிகிற இடத்தில் சரிவாக ஒரு விளிம்பு இருக்கிறது. டயாஃப்ரத்தின் வாயை ஃபில்லரின் கூம்பு இந்த விளிம்போடு அழுத்திப் பிடிப்பதால்தான் காற்று கசியாமல் நிற்கிறது. இங்கே ஒட்டியிருக்கிற பழைய ரப்பரை ஒரு பொட்டு விடாமல் மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். உலோகக் கம்பியால் சுரண்டினால் கீறல் விழும், கீறல் வழியாகக் கசியும். டார்ச் அடித்துப் பார்த்து, ஈரத் துணியை ஒரு குச்சியில் சுற்றித் துடைத்து, மறுபடி டார்ச்.

இனிப் புது டயாஃப்ரம். முலைப்பக்கம் வெளியே நீட்டியபடி வரும். அதை அப்படியே பிளஞ்சர் குழியின் வாயில் வைத்து, முலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, பையின் திறந்த வாய் வழியாக மழுங்கிய ரீஃபிலை விட்டுக் குண்டை அழுத்துங்கள். உள்ளே இறங்கியது கைக்குத் தெரியும். லேசாக இழுத்துப் பாருங்கள், குண்டு அசையக் கூடாது. பிறகு ரப்பரைப் பிளஞ்சர் மேல் உட்புறம் வெளியாக மடக்கி, கூம்பு மூடும் வரை கீழே உருட்டிவிடுங்கள். கூம்பைத் தாண்டி மரை மேல் ஏறுகிற நீளத்தைக் கத்தரியுங்கள். முதல் மரைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். நீளம் மிஞ்சினால் மரைக்குள் சிக்கி மடியும். குறைந்தால் பிளஞ்சர் பின்னால் வரும்போது வாய் உருவிக்கொண்டு வந்துவிடும்.

கூம்புக்கும் ரப்பருக்கும் நடுவில் டால்க் தாராளமாகத் தூவுங்கள். ஃபில்லரை முடுக்கும்போது கூம்பு சுழலும், ரப்பர் சுழலக் கூடாது. டால்க் இல்லாவிட்டால் ரப்பரும் கூடவே முறுக்கிக்கொள்ளும். பிளஞ்சரை அமுக்கிய நிலையில் வைத்து ஃபில்லரை உள்ளே விட்டு, கையால் முடுக்கி, கடைசியில் பிடியால் கால் சுற்று. அவ்வளவுதான். இந்த மரைக்கு ஷெல்லாக் கிடையாது, அழுத்தம்தான் அடைப்பு. முன்பக்கம் வழியாக டார்ச் அடித்துக்கொண்டு பிளஞ்சரை நாலைந்து தடவை இயக்குங்கள். ரப்பர் வழவழப்பாக, சுருக்கம் இல்லாமல் நீண்டு திரும்ப வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. தேங்காய் எண்ணெய், வாஸ்லின், மெஷின் ஆயில் எதையும் இந்த ரப்பர் பக்கம் கொண்டுவராதீர்கள். லேடெக்ஸ் எண்ணெயில் ஊதி, பிசுபிசுத்து, கரைந்துவிடும்.

புதுமை_பழமை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் உள்ள 51-இல் பின்மூடி இல்லை. பேரலையே கழற்றினால் ஒரு ஸ்டீல் உறையும் அமுக்குகிற பட்டையும் இருக்கின்றன. அதற்கும் இதே டயாஃப்ரமா?

அரக்குத்துளி:

இல்லை, உங்களுடையது ஏரோமெட்ரிக், 1948-இல் இருந்து வந்தது. உள்ளே இருப்பது ரப்பரே அல்ல, பிளை-கிளாஸ் என்று பார்க்கர் பெயர் வைத்த பிவிசி பை. பெரும்பாலானவை இன்றும் வேலை செய்கின்றன. உறையைக் கழற்ற வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நிப்பை ஊறவைத்துப் பட்டையை அமுக்கி, விட்டுச் சில நொடி காத்திருந்து, மறுபடி அமுக்கி என்று தெளிவாக வரும் வரை கழுவுங்கள். மை ஏறவில்லை என்றால் பெரும்பாலும் கலெக்டரில் காய்ந்த மைதான் காரணம்.

மைக்கூடு:

மிக்க நன்றி. மரப்பிடியிலேயே ஃபில்லர் வந்துவிட்டது. குழி நன்றாக இருக்கிறது, மூச்சுக்குழாயும் முழுசாக இருக்கிறது. புது டயாஃப்ரம் போட்டாயிற்று. ஹூட்டை ஷெல்லாக் இல்லாமல் சும்மா மாட்டித் தண்ணீரில் சோதித்ததில் இரண்டு சந்தேகங்கள்: பிளஞ்சர் கடைசி இரண்டு மில்லிமீட்டர் தானாக வெளியே வரவில்லை, விரலால் இழுக்க வேண்டியிருக்கிறது. நாலு அமுக்கல் வரை நீர்க்குமிழி நன்றாக வருகிறது, பிறகு குறைந்துவிடுகிறது. இது சரியா? ஹூட்டை மூட எதைப் பயன்படுத்துவது?

தாமிரநிப்:

பிளஞ்சர் முழுசாக வராதது ரப்பர் முறுக்கிக்கொண்டதற்கான அடையாளம். முன்பக்கம் வழியாகப் பாருங்கள், ஜிலேபி மாதிரி சாய்வாகக் கோடுகள் தெரியும். அப்படியே விட்டால் அந்த மடிப்பிலேயே கொஞ்ச நாளில் கிழியும். ஃபில்லரை முழுக்க வெளியே எடுக்காமல் ஒரு சுற்று தளர்த்தி, பிளஞ்சரைச் சில தடவை இயக்கினால் ரப்பர் தானே அவிழ்ந்து நேராகும். பிறகு பிளஞ்சரை அமுக்கியபடியே மெதுவாக முடுக்குங்கள். அவிழவில்லையென்றால் கழற்றி, டால்க் போட்டு மறுபடி. கோடுகள் இல்லாமலும் நின்றால் குழாய் நீளமாக இருந்து டயாஃப்ரத்தை முட்டுகிறதா என்று பாருங்கள். பேரலுக்குள் முழுக்க நீண்ட டயாஃப்ரத்தை அது குத்தக் கூடாது. மாற்றுக் குழாய் போட்ட பேனாக்களில் இது அடிக்கடி நடக்கும். பின்முனையில் ஒரு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெட்டிச் சோதியுங்கள், ஒரேயடியாக வெட்ட வேண்டாம்.

நீர்க்குமிழி குறைவதைப் பொறுத்தவரை: எட்டு, பத்து அமுக்கல் வரை வர வேண்டும், பேரல் நிறைய நிறையக் குறைவது இயல்பு. நாலிலேயே குறைகிறது என்றால் பிளஞ்சர் முழு வீச்சில் போய்வராததும் காரணமாக இருக்கலாம், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு எண்ணுங்கள். அப்போதும் நாலுதான் என்றால் குழாயை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். முழுசாகத் தெரிகிற குழாயிலும் ஃபீடுக்குள் நுழைகிற இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கும். ஒரு முனையை விரலால் அடைத்து மறுமுனையில் ஊதித் தண்ணீருக்குள் பிடித்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

மூடுவதற்கு முன் இன்னொரு சோதனை. தண்ணீர் நிரப்பி, பின்மூடியைக் கழற்றிவிட்டு, நிப் மேலே இருக்கும்படி ஒரு கிளாஸில் நிறுத்தி, அடியில் டிஷ்யூ வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். பிளஞ்சர் பக்கம் ஈரம் வந்தால் விளிம்பில் அழுக்கு அல்லது ரப்பரில் ஓட்டை. காய்ந்தே இருந்தால் ஹூட்டை மூடலாம்.

அரக்குத்துளி:

ஹூட்டுக்கு ஷெல்லாக்கே போதும். மரச்சாமான் பாலிஷுக்கு விற்கிற அரக்குத் தகடை ஸ்பிரிட்டில் தேன் பதத்துக்குக் கரைத்து, ஊசி முனையால் மரையின் நடுவில் மட்டும் ஒரு மெல்லிய வளையம் வையுங்கள். ஸ்பிரிட் லூசைட்டுக்கு ஆகாது என்று மேலே சொன்னோம், அதனால்தான் கெட்டியாக, துளியாக. வழிந்து வெளியே வருகிற அளவு வைத்தால் கலெக்டருக்குள்ளும் போய் மையோட்டத்தை அடைக்கும். அடிக்கடி திறப்பேன் என்கிறவர்கள் ரோசினும் விளக்கெண்ணெயும் கலந்த, காய்ந்து இறுகாத பேனா சீலன்டைப் பயன்படுத்தலாம். சூப்பர் குளூ, எபாக்ஸி, டெஃப்லான் டேப் எதுவும் கூடாது. டேப்பின் தடிமன் ஹூட்டை விரிசல்விட வைக்கும்.

கிளட்ச் வளையத்தை மறக்காமல் முதலில் போடுங்கள். முடுக்கும்போது ஹூட்டின் கூர்நுனி நிப்பின் கீறலுக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும். தள்ளி நின்றால் ஹூட்டைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, நிப்பையும் ஃபீடையும் சேர்த்துச் சுழற்றி, மறுபடி முடுக்குங்கள். ஷெல்லாக் இளக்கமாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பிறகு மை.

மை சாதாரண நீலம், கறுப்பு போதும். பழைய புட்டியில் பார்க்கர் சூப்பர்குரோம் எங்காவது கண்ணில் பட்டால் பேனாவில் நிரப்பிவிடாதீர்கள். 1947-இல் இந்தப் பேனாவுக்காகவே வந்த மை அது. காரத்தன்மை அதிகமானது, பேனாவின் உள்பாகங்களைக் கெடுத்த பெயர் அதற்கு உண்டு. மினுக்குத் தூள் கலந்த மைகளும் வேண்டாம், கலெக்டரின் தகடுகளுக்கு நடுவில் தங்கினால் மறுபடி ஹூட்டைத் திறக்க வேண்டிவரும்.